வற்றும் குளமும் குளமே: இலங்கையின் உலர்வலயக் குளங்கள் பற்றி ஓர் அறிமுகம்

ஈரநிலம் என்றதும் நம்மில் பலருக்குச் சேறும் நுளம்பும் கண்டல் மரமும்தான் நினைவுக்கு வரும். ஊர்க் குளத்தை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. ஆனால் 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான ஈரநில உடன்படிக்கை அதையும் சேர்த்துத்தான் கொள்கிறது. இயற்கையாக அமைந்ததா, மனிதர் கட்டியதா, ஆண்டு முழுதும் நீர் நிற்குமா, சில மாதம் மட்டும்தானா என்பதையெல்லாம் அது பொருட்படுத்துவதில்லை. இலங்கை 1990இல் அந்த உடன்படிக்கையில் இணைந்தது. அங்குள்ள ஆறு ராம்சர் தலங்களில் ஒன்று சிலாபத்துக்கு வடக்கே இருக்கும் ஆனைவிழுந்தான். 2001இல் பட்டியலில் ஏறிய இந்த இடம், ஒன்றன்கீழ் ஒன்றாக மனிதர் கட்டிய குளங்களின் தொடர்.

குளத்தைப் பற்றி நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது? வயலுக்கு நீர் விடுபவருக்கு அந்தக் கேள்வி போதும். குளத்தை ஓர் ஈரநிலமாகப் புரிந்துகொள்ள அது போதாது. குளத்தின் உயிர் பெரும்பாலும் நீர் ஏறி இறங்கும் விளிம்பில் இருக்கிறது. ஆண்டில் சில மாதம் அந்த விளிம்பு காய்ந்தே ஆக வேண்டும்.

முதலில் மழையைப் பார்ப்போம். இலங்கையின் தென்மேற்கும் மத்திய மலைநாடும் ஈரவலயம். தீவின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உலர்வலயம். வன்னி, அனுராதபுரம், பொலன்னறுவை, கிழக்குக் கரை எல்லாம் அதில் அடங்கும். உலர்வலயம் என்பதைக் கேட்டு வறண்ட பாலை என்று நினைத்துவிடக் கூடாது. ஆண்டுக்கு 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெறும் நிலம் என்பதுதான் அதன் வரையறை. மழை குறைவு என்பதைவிட, அது வரும் விதம்தான் சிக்கல். ஒக்ரோபரில் தொடங்கி ஜனவரி வரை கொட்டித் தீர்க்கும். சித்திரையை ஒட்டிக் கொஞ்சம் பெய்யும். பிறகு வைகாசி முதல் புரட்டாசி வரை சோளகம் எனப்படும் தென்மேற்குக் காற்றுத்தான். அது நிலத்தில் இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகும்.

நிலத்தின் அடியிலும் பெரிதாகச் சேமிப்பு இல்லை. உலர்வலயத்தின் பெரும்பகுதி கடினமான பழம்பாறை மேல் கிடக்கிறது. அந்தப் பாறை சிதைந்து மண்ணாகிய மேல்படையில் மட்டும்தான் நீர் தங்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக் கல் போல நீரை உள்வாங்கி வைத்திருக்கும் பாறை இங்கே இல்லை. இயற்கையான ஏரிகளும் இல்லை என்றே சொல்லலாம். வில்பத்துக் காட்டிலும் மகாவலியின் கீழ்ப்பகுதி வெள்ளச் சமவெளியிலும் இருக்கும் ‘வில்லு’ எனப்படும் ஆழமற்ற நீர்ப்பள்ளங்கள் மட்டுமே விதிவிலக்கு. நான்கு மாத மழையை எட்டு மாதத்துக்கு வைத்திருக்க வேண்டுமானால், ஓடும் நீரை மறித்து நிலத்தின் மேலேயே தேக்குவது தவிர வேறு வழி இருக்கவில்லை.

அப்படித் தேக்கியவை ஆயிரக்கணக்கில். இன்றும் பயன்பாட்டில் உள்ள சிறுகுளங்களே பத்தாயிரத்துக்கு மேல். வவுனியாப் பக்கம் போய்வந்தவர்களுக்கு இது தெரியும்: தாண்டிக்குளம், பண்டாரிக்குளம், நெளுக்குளம், கோவில்குளம் என்று ஊர்ப்பெயரே குளத்தில்தான் முடியும். 80 ஹெக்டேயர், அதாவது 200 ஏக்கர் வரையான வயலுக்கு நீர் கொடுப்பதை அரசு சிறுகுளம் என்று கணக்கிட்டுக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடம் விட்டிருக்கிறது. இரணைமடு, கட்டுக்கரை போன்ற பெரிய குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்திடமோ மாகாணத்திடமோ இருக்கும். இந்தக் கட்டுரை பெரும்பாலும் சிறுகுளங்களைப் பற்றியது. பெருங்குளங்களுக்கு மன்னர்களும் கல்வெட்டுகளும் சாட்சி சொல்லும். சிறுகுளங்களைப் பற்றிப் பேச ஆள் குறைவு.

ஒரு சிறுகுளத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தால் ஒன்றும் புரியாது. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஒரு சிற்றோடையை நினைத்துக்கொள்ளுங்கள். மேட்டில் தொடங்கிச் சில கிலோமீற்றர் ஓடி ஆற்றில் சேருகிறது. அந்த ஓடையை ஒரே இடத்தில் பெரிதாக மறிக்காமல், மேலிருந்து கீழ்வரை பல இடங்களில் சிறிது சிறிதாக மறித்திருக்கிறார்கள். மேல்குளத்தின் வான், அதாவது குளம் நிறைந்ததும் மிகைநீர் வெளியேறும் வழி, பாய்ந்தால் அந்த நீர் அடுத்த குளத்துக்குப் போகும். மேல்குளத்தின் வயலில் பாய்ந்து வடிந்த நீரும் கீழ்க்குளத்துக்கே வரும். ஒரே நீர் மூன்று நான்கு வயல்வெளிகளில் வேலை செய்துவிட்டுத்தான் ஆற்றை அடையும். இதைக் குளத்தொடர் என்பார்கள், சிங்களத்தில் எல்லங்காவ. புவியியலாளர் சி. எம். மத்தும பண்டார 1985இல் இதற்கு ஒரு வரையறை தந்த பிறகே, திட்டம் போடுபவர்கள் குளங்களைத் தொடராகப் பார்க்கத் தொடங்கினார்கள். ஐநாவின் உணவு விவசாய அமைப்பு 2017இல் இந்த முறையை உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபாக அறிவித்தது.

இனி ஒரே குளத்துக்கு வருவோம். உலர்வலய நிலம் மெல்லிய அலைபோல ஏறி இறங்கும். ஆழமான பள்ளத்தாக்கு கிடையாது. அதனால் குளமும் சாப்பாட்டுத் தட்டைப் போல அகலமாகவும் ஆழமில்லாமலும் இருக்கும். நீரை மறிக்கும் மண்கட்டுக்கு அருகில் மட்டும் இரண்டு மூன்று மீற்றர் ஆழம். மறுகரையை நோக்கிப் போகப்போக முழங்கால், கணுக்கால், பிறகு வெறும் ஈரமண். நீர் ஓர் அடி இறங்கினால் போதும், ஏக்கர் கணக்கில் நிலம் வெளியே வரும். பொறியியல் கண்ணுக்கு இது குறை. பரப்பு கூடினால் ஆவியாதலும் கூடும், உண்மைதான். ஆனால் ஈரநிலமாக அந்தக் குளத்தின் பலமே இந்தத் தட்டையான உடம்புதான்.

ஓர் ஆண்டை வரிசையாகப் பார்ப்போம். ஐப்பசியில் முதல் வெள்ளம் வரும்போது கலங்கிய நீரோடு இலைச்சருகும் சாணமும் வண்டலும் உள்ளே வரும். கோடை முழுவதும் குளத்தின் தரையில் முளைத்திருந்த புல் நீரில் மூழ்கி அழுகும். அந்தப் புல்லிலும் அதில் மேய்ந்த மாடுகளின் சாணத்திலும் இருந்த சத்து நீரில் கரையும். அதை உண்டு பாசி பெருகும், பாசியை உண்டு கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பெருகும். காய்ந்த சேற்றில் முட்டையாகக் கிடந்த சிற்றுயிர்களும் ஈரம் பட்டதும் பொரிக்கும். புதிதாக மூழ்கிய புல்வெளி மீன்குஞ்சுகளுக்கு இரையும் மறைவும் தரும். கெண்டைகளும் கெளுத்திகளும் புதுவெள்ளத்தை எதிர்த்து ஓடைகளில் ஏறுவதைப் பார்த்து, அந்த நாட்களில் பறியும் வலையுமாக ஊரே திரளும்.

தையில் குளம் நிறைந்திருக்கும். நடுவில் தாமரையும் அல்லியும், கரையோரம் கோரையும் சம்பும். தாமரை இலைகளின் மேல் இலைக்கோழி நடந்து திரியும். இந்தப் பறவையிடம் ஒரு வேடிக்கை உண்டு. நீளவால் இலைக்கோழியில் பெட்டை முட்டையிட்டுவிட்டு அடுத்த சேவலைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் சேவலின் வேலை. மிதக்கும் இலையில் கூடு கட்டினால் நீர்மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் முட்டை தப்பும். வடக்கிலிருந்து வலசை வந்த தாராக்களும் உள்ளான்களும் இந்த மாதங்களில் இங்கேதான் இருக்கும்.

மாசி, பங்குனியில் காலபோகம் எனப்படும் மழைக்கால நெல்லின் அறுவடை முடிந்து, அடுத்து வரும் சிறுபோக நெல்லுக்கு நீர் திறந்துவிட்ட பிறகு குளம் சுருங்கத் தொடங்கும். பலர் இதைக் குளத்தின் சாவாகப் பார்க்கிறார்கள். பறவைகளுக்கு அது விருந்துக்காலம். பரந்த நீரில் சிதறியிருந்த மீன்களெல்லாம் குறைந்த நீரில் நெருங்கிவிடும். கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா, மஞ்சள் மூக்கு நாரை என்று வரிசையாக வந்து இறங்கும். நத்தைகுத்தி நாரை சேற்றில் குளநத்தைகளைத் துழாவும். அதன் அலகின் நடுவில் உள்ள இடைவெளி நத்தை பிடிப்பதற்கென்றே அமைந்தது. நத்தையோ வாயை மூடிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கி மழை வரும்வரை உறங்கப் பார்க்கும். விரால் மீனுக்கும் இந்த வித்தை தெரியும். காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் மீனாதலால் ஈரச் சேற்றில் பல நாள் தாக்குப்பிடிக்கும். பால் ஆமையும் அப்படித்தான். முதலை கரையில் வளை தோண்டிப் படுத்துவிடும். இந்த உயிர்களெல்லாம் குளம் வற்றும் என்பதை எதிர்பார்த்தே வாழப் பழகியவை.

ஆடி, ஆவணியில் வெளியே தெரியும் குளத்தரையில் பசும்புல் தளிர்க்கும். சுற்றிலும் எல்லாம் காய்ந்து கிடக்கும்போது பச்சை இருக்கும் இடம் அது ஒன்றுதான். மாடும் எருமையும் மானும் யானையும் அங்கே வரும். அவை விட்டுப்போகும் சாணம் ஐப்பசி வெள்ளத்துக்குக் காத்திருக்கும்.

நீர்ப்பரப்பைச் சுற்றி இன்னொரு ஏற்பாடும் உண்டு. வடமத்திய மாகாணத்தின் பழைய குளங்களில் அது இன்னும் தெளிவாகத் தெரியும். பெயர்கள் சிங்களத்தில் வழங்குகின்றன. வேலை எல்லாக் குளத்துக்கும் பொது. வெள்ளம் உள்ளே வரும் பக்கத்தில் மரங்களின் பட்டி ஒன்று இருக்கும், கஸ்கொம்மன. மருதும் பிற பெருமரங்களும் பாதி நீரில் நிற்கும். அவை காற்றைத் தடுப்பதால் அலையும் ஆவியாதலும் குறையும்; பறவைகள் கூடு கட்டுவதும் அங்கேதான். அதற்கு மேலே கோரையும் புல்லும் அடர்ந்த பட்டி, பெரஹன. ஓடிவரும் நீர் அதில் புகுந்து வேகம் தணிய, வண்டல் அங்கேயே படிந்துவிடும். அதையும் மீறி வரும் மண்ணைப் பிடிக்கச் சிறு குழிகள் உண்டு. சில தொடர்களின் தலையில், வயலே இல்லாத ஒரு காட்டுக்குளம் இருக்கும். மண்ணைத் தாங்குவதும் காட்டு விலங்குகளுக்கு நீர் கொடுப்பதும்தான் அதன் வேலை. யானைக்கு ஊருக்கு வெளியே தண்ணீர் கிடைத்தால் அது ஊருக்குள் வரும் தேவை குறையும் என்பதையும் யோசித்திருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது கட்டுக்குக் கீழே, வயலுக்கு முன்னால் இருக்கும் பட்டி. கட்டக்கடுவ என்று பெயர். எந்த மண்கட்டிலும் கொஞ்சம் நீர் கசியும். கசிந்து வரும் நீர் மண்ணில் இருக்கும் உப்பையும் கரைத்துக்கொண்டு வரும். அது நேரே வயலுக்குப் போனால் கட்டை ஒட்டிய வயல்கள் சில ஆண்டுகளில் உவர் பூத்துவிடும். அந்த இடத்தில் மருது, இலுப்பை, தாழை, நாணல் என்று ஒரு சிறு காடும் நடுவில் ஒரு நீர்க்குழியும் விட்டிருக்கிறார்கள். வேர்கள் கசிவு நீரை உறிஞ்ச, உப்பின் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடுகிறது. பாய் பின்னும் ஓலையும் மருந்து மூலிகையும் ஊருக்கு அங்கிருந்தே கிடைக்கும். வெறும் கண்ணுக்கு அது பயன்படாத பற்றைக்காடு. அதனால்தான் நிலம் தேவைப்படும்போது முதலில் வெட்டப்படுவதும் அதுவே.

இவ்வளவுக்கும் மதிப்பு என்ன? குளம் என்றால் நெல் என்றுதான் கணக்கு எழுதுவார்கள். கலா ஓயா ஆற்றுப் படுகையின் சிறுகுளங்கள் பற்றி, ஐயுசிஎன் எனப்படும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2005இல் வெளியிட்ட ஆய்வு அந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. குளத்தால் ஊருக்குக் கிடைப்பதைப் பணமாகக் கணக்கிட்டபோது, நெல்லின் பங்கு சிறியதாகவே இருந்தது. வீட்டுத் தேவைக்கான நீரே முதலில் வந்தது. மீன், கால்நடைகளுக்கான நீர், தாமரைப்பூ, தாமரைக்கிழங்கு, வாழை, தென்னை எல்லாம் அதோடு சேர்ந்தன. கிணற்றை நினைத்தால் இதில் வியப்பில்லை. குளத்தில் நிற்கும் நீர்தான் அந்தச் சிதைந்த பாறைப்படைக்குள் மெல்ல இறங்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகளின் மட்டத்தைத் தாங்குகிறது. குளத்தைத் தூர்த்தால் அடுத்த கோடையிலேயே கிணறு அதைச் சொல்லிவிடும்.

மீனிலும் ஒரு கதை இருக்கிறது. இயற்கை ஏரி இல்லாத தீவானதால், பரந்த திறந்த நீரில் வாழப் பழகிய உள்ளூர் மீன்கள் குறைவு. 1952இல் ஆபிரிக்கத் திலாப்பியாவைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த வெற்றிடத்தை அது நிரப்பிக்கொண்டது. நன்னீர் மீன்பிடித் தொழிலே அதன் மேல்தான் எழுந்தது. வெளியிலிருந்து வரும் உயிரெல்லாம் கேடு என்று பொதுவாகச் சொல்வோம். இங்கே கணக்கு அவ்வளவு எளிதாக இல்லை.

ஆகாயத்தாமரையின் கணக்கு எளிது. அழகுக்காக 1905இல் வந்தது. 1909இலேயே அதை ஒழிக்கச் சட்டம் போட வேண்டியிருந்தது. சட்டம் இருக்கிறது, ஆகாயத்தாமரையும் இருக்கிறது. 1939இல் வந்த சல்வீனியா என்ற மிதக்கும் களைக்கு மட்டும் 1980களில் ஒரு வழி பிறந்தது. அதன் தாயகமான தென்னமெரிக்காவில் அதைத் தின்று வாழும் ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து விட்டதும், பல குளங்களில் அது அடங்கியது.

சரி, குளம் தூர்ந்துவிட்டால் ஆழப்படுத்த வேண்டியதுதானே என்று தோன்றும். நல்ல எண்ணத்தோடு செய்யும் தவறுகளில் இது முதலிடம். குளத்தின் தரையில் நுண்மண் படிந்து படிந்து உருவான இறுகிய படை ஒன்று நீரைத் தாங்குகிறது. இயந்திரத்தை இறக்கி ஆழமாகத் தோண்டினால் அந்தப் படை உடைந்து, நிற்க வேண்டிய நீர் கீழே இறங்கிவிடும். சில இடங்களில் அடியிலிருந்து உவர்நீர் மேலே வரும். இன்னொரு தவறு கட்டையும் வானையும் உயர்த்துவது. நீர் கூடும், ஆனால் மேலே இருந்த மரப்பட்டியும் கோரைப்பட்டியும் நிரந்தரமாக மூழ்கி அழியும். மேல்குளத்தின் வயலும் மூழ்கலாம். வடிகட்டி போனபின் வண்டல் நேரே குளத்துக்குள் வரும். பத்தாண்டில் மறுபடியும் இயந்திரத்தை இறக்க வேண்டியதுதான். அகற்றினால் கட்டை ஒட்டிய பகுதியில் படிந்த வண்டலை மட்டும், தரைப்படையைத் தொடாமல் அகற்றுவதே நல்லது.

மழைநீரில் ஒரு துளியும் மக்களுக்குப் பயன்படாமல் கடலில் கலக்கக் கூடாது என்று 12ஆம் நூற்றாண்டின் பராக்கிரமபாகு மன்னர் சொன்னதாகச் சூளவம்சம் என்ற பழைய வரலாற்று நூல் கூறுகிறது. இலங்கையில் நீர் பற்றிய எந்த மேடையிலும் இது ஒலிக்கும். மன்னர் மேல் மரியாதை உண்டு. இந்தக் கருத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. இரணைமடுவின் வான் பாய்ந்தால் நீர் கனகராயன் ஆற்றின் வழியே சுண்டிக்குளம் களப்புக்குப் போகிறது. அங்கே இறாலும் மீன்குஞ்சும் வளர அந்த நன்னீர் வேண்டும். கடலை நோக்கிப் போகும் நீர் வீணாகிறது என்று களப்பில் வலை வீசுபவரிடம் சொல்லிப் பார்க்கலாம்.

குளம் வற்றவும் வேண்டும் என்பதை நாடே பார்க்கும் இடம் ஒன்று உண்டு: மின்னேரியா. மகாசேன மன்னர் 3ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிக் கட்டிய இந்தப் பெருங்குளம் ஆடி, ஆவணி, புரட்டாசியில் வற்றும்போது, வெளிப்படும் புல்தரையைத் தேடிச் சுற்றுக்காடுகளிலிருந்து யானைகள் வந்து சேரும். ஒரே மாலையில் இருநூறு, முந்நூறு யானைகளைக்கூடப் பார்த்திருக்கிறார்கள். ஆசிய யானைகள் இவ்வளவு எண்ணிக்கையில் ஒரே இடத்தில் கூடுவது வேறெங்கும் காண்பதற்கு அரிது. அம்பன் கங்கையில் மொரகஹகந்த அணைக்கட்டு 2018இல் பயன்பாட்டுக்கு வந்தபின், கோடையிலும் மின்னேரியாவுக்கு நீர் வரத் தொடங்கியது. விவசாயிக்கு நல்ல செய்தி. ஆனால் நீர்மட்டம் இறங்காத ஆண்டுகளில் புல்தரை மூழ்கிக் கிடந்தது. யானைகளின் வரவு குறைந்தது, வந்தவையும் மெலிந்திருந்தன என்று வனவிலங்கு ஆர்வலர்கள் முறையிட்டார்கள். வறட்சி வந்தால் யானைக்குத் தீனி இல்லை என்போம். இங்கே தண்ணீர் நிறைந்ததால் தீனி இல்லாமல் போனது. இத்தனைக்கும் யாரும் நீரை நிறுத்தச் சொல்லவில்லை. எந்த மாதம் எந்த மட்டத்தில் வைப்பது என்று காட்டையும் வயலையும் சேர்த்து முடிவு செய்யுங்கள் என்பதுதான் கோரிக்கை.

சிறுகுளங்களில் அந்த முடிவை ஒரு காலத்தில் ஊரே எடுத்தது. சிங்களக் கிராமங்களில் வெல்விதானை, கிழக்கின் தமிழ், முஸ்லிம் ஊர்களில் வட்டவிதானை என்று ஒருவர் பொறுப்பில் இருப்பார். வயலில் உள்ள பங்குக்கு ஏற்பக் கட்டின் இத்தனை பாகம் திருத்துவது அவரவர் கடமை. நீர் குறைந்த ஆண்டில் ‘பெத்ம’ என்று ஒரு வழக்கம்: கட்டை அடுத்த வயல்களை மட்டும் அந்தப் போகத்துக்கு எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்து விதைப்பார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரர் யார் என்பது அந்த ஒரு போகத்துக்கு ஒத்திவைக்கப்படும். 1832இல் ஆங்கிலேயர் இராஜகாரியம் என்ற கட்டாய ஊழிய முறையை ஒழித்தபோது, அந்தக் கட்டாய உழைப்போடு குளம் திருத்தும் கூட்டுழைப்பும் சட்டத்தின் பிடியிலிருந்து நழுவியது. பிறகு பல சட்டங்கள் வந்தன. பெத்ம மட்டும் சட்டத்தை நம்பாமல் பல ஊர்களில் இன்னும் நடக்கிறது.

இப்போது மறுசீரமைப்பும் தனிக்குளத்திலிருந்து குளத்தொடருக்கு மெல்ல நகர்ந்திருக்கிறது. பசுமைக் காலநிலை நிதியத்தின் உதவியோடு 2017இல் தொடங்கிய திட்டம் ஒன்று, மல்வத்து ஓயா, மீ ஓயா, யான் ஓயா படுகைகளில் கட்டும் துருசும் (நீர் திறந்துவிடும் மதகு) திருத்தியதோடு மரப்பட்டிகளையும் மீண்டும் நடும் வேலையைச் சேர்த்துக்கொண்டது. இதில் மல்வத்து ஓயா வேறு யாருமல்ல. மன்னாரை அடையும்போது நாம் அருவி ஆறு என்று அழைப்பதும், தேக்கம் அணையில் மறித்துக் கட்டுக்கரைக் குளத்துக்குத் திருப்புவதும் அதே ஆற்றைத்தான். அனுராதபுரத்துக் குளத்தொடரின் தலையில் ஒரு மரப்பட்டி பிழைத்தால் மன்னார் வயலுக்கு வரும் வண்டல் குறையும். ஆனால் அந்த மரப்பட்டி யார் பொறுப்பு? கட்டும் நீரும் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கையில். மேலே உள்ள காடு வனத் திணைக்களத்துடையது. இடையிலுள்ள அரச காணி பிரதேச செயலகத்துடையது. கோரைப்பட்டியும் கட்டக்கடுவவும் கிடப்பது இந்த மூன்று கோப்புகளுக்கும் நடுவில்.